களைமீன்



மீன்வளர்ப்போர்க்கென்று எழுதப்பெற்ற கையேடுகளைப் புரட்டினால் தொடக்கத்திலேயே ஒரு கட்டளை நிற்கும். குளத்தில் குஞ்சு விடுமுன் அங்குள்ள களைமீன்களையும் கொன்றுண்ணி மீன்களையும் அறவே ஒழிக்க வேண்டும் என்பது அது. ஒழிக்கும் வழியும் அங்கேயே உண்டு. ஒரு மீட்டர் ஆழ நீருள்ள ஓர் எக்டேர்க் குளத்துக்கு 2500 கிலோ இலுப்பைப் பிண்ணாக்கு. அதிலுள்ள நஞ்சு மீனின் செங்குருதி அணுக்களைச் சிதைக்கும். மீன்கள் திணறி மேலே மிதக்கும். இரண்டு மூன்று கிழமைகள் கழிந்தால் நஞ்சு தீர்ந்து, அதே பிண்ணாக்கு குளத்துக்கு எருவாகிவிடும்.

முறையில் பிழையில்லை. வளர்ப்புக் குளம் என்பது தொழுவம் போன்றது. அங்கே எதை வைப்பது, எதை விலக்குவது என்பது வளர்ப்பவன் உரிமை. வினா வேறு. களை என்பது எது? பட்டியலைப் படியுங்கள். சிறு கெண்டைகள் களை. அயிரை களை. வரால், வாளை, குறவை, கெளிறு ஆகியவை கொன்றுண்ணிகள். பயிர் எவை? கட்லா, ரோகு, மிர்கால். காவிரிக்கு உரியனவல்லாத வடபுலத்து ஆற்றுமீன்கள் மூன்றும் பயிர். சங்கப் பாட்டில் நீந்திய மீன்கள் அத்தனையும் ஒழிக்கத்தக்கன! நெல்வயலில் களையை நட்டவர் யாருமில்லை. நெல் வருமுன்பே அது அங்கிருந்தது. களை என்னும் சொல்லின் கொடுமையும் அதுதான். இருந்தவனை வந்தவனுக்கு இடையூறு என்று ஆக்கிவிடுகிறது அச்சொல்.

குளத்தில் பிறந்த இச்சொல் குளத்தோடு நின்றிருந்தால் இப்பொழிவுக்கு வேலையில்லை. அது கரையேறி ஆற்றுக்குள்ளும் இறங்கிவிட்டது. காவிரியில் தூண்டிலும் பறியும் வீச்சுவலையும் கொண்டு எளிய மீன் பிடித்து வாழ்ந்த தொழில் கண்ணெதிரே தேய்ந்து போனதற்கு அணை முதல் நஞ்சு வரை பல ஏதுக்கள் உண்டு. ஆயினும் அந்த மீன்களை ஒரு பொருட்டாக எண்ணாத மனம் அவை எல்லாவற்றுக்கும் முன்பே உருவாகிவிட்டது.

இம்மனம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஆங்கிலத்தில் ஒரு தடயம் கிடைக்கிறது. இங்கிலாந்தில் ஆற்றுமீன்களை இரண்டாகப் பிரிப்பார்கள். சால்மனும் திரௌட்டும் 'கேம்' எனப்படும். வேட்டைக்குரிய உயர்ந்த மீன் என்பது கருத்து. எஞ்சிய மீன்கள் அனைத்தும் 'கோர்சு' எனப்படும். கரடு, முரடு, தரங்குறைந்தது என்பது அச்சொல்லின் பொருள். உயர்ந்த மீனைப் பிடிக்கும் ஆற்றுத்துண்டுகள் நிலக்கிழார் கையில் இருந்தன. கரட்டு மீனைப் பிடித்தவர்கள் செபீல்டு, நாட்டிங்காம் போன்ற நகரங்களின் ஆலைத் தொழிலாளர்கள். மீனின் தரத்தைப் பிரித்தது சுவையன்று, பிடிப்பவனின் தரம். ஆனால் அத்தொழிலாளர்க்கு வாக்குரிமையும் சங்கமும் இருந்தன. ஆகவே 1878ஆம் ஆண்டிலேயே அக்கரட்டு மீன்கள் முட்டையிடும் பருவத்தில், மார்ச்சுத் திங்கள் நடுவிலிருந்து சூன் நடுவரை, அவற்றைப் பிடிக்கலாகாது என்று அந்நாட்டு மன்றம் சட்டம் செய்தது. அதைக் கொண்டுவந்தவர் செபீல்டு நகர உறுப்பினர் முண்டெல்லா. (அங்கும் இன்று ஆற்றங்கரைத் தூண்டிற்காரர் குறைந்து, கட்டணம் வாங்கும் குட்டைகளை நாடிப் போய்விட்டனர் என்பது தனிக்கதை.)

அதற்கு அடுத்த ஆண்டு, 1879இல், அதே வெள்ளையர் ஆட்சி தமிழ்நாட்டில் ஒரு சட்டம் செய்தது. நீலமலையின் வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காப்பதற்கான சட்டம் அது. எந்த மீனை? வெள்ளையர் தம் நாட்டு நினைவுக்காக மலை ஓடைகளில் விட விரும்பிய மீன்களை. திரௌட்டை அங்கே குடியேற்றும் முயற்சி 1860களிலேயே தொடங்கிவிட்டது. பலமுறை தோற்று, 1907இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்தபின்தான் நிலைத்தது. மலையில் இன்னும் வந்து சேராத மீனுக்குக் காவல் போட்டாயிற்று. கீழே சமவெளியில் நூறாயிரம் பேருக்கு உணவளித்த கெண்டைக்கும் கெளிற்றுக்கும்? வெடியும் நஞ்சும் இட்டு மீன் கொல்வதைத் தடுக்கும் சட்டம் 1897இல்தான் வந்தது. வந்த பிறகும் அது ஏட்டில் கிடந்த அளவுக்கு ஆற்றில் இறங்கவில்லை.

இனி அந்தத் தொழிலைப் பார்ப்போருக்கு அது எத்தனை நுண்ணியது என்பது விளங்கும். தூண்டில் என்றால் கழியும் நூலும் முள்ளும் என்று நகரத்தார் எண்ணுகிறார்கள். ஆற்றோரத்தான் முதலில் பார்ப்பது தக்கையை. நெட்டியிலோ, சோளத்தட்டையிலோ, மயிலிறகின் தண்டிலோ நறுக்கிய அச்சிறு தக்கை நீர்மேல் நிற்கும் நிலையைக் கொண்டே கீழே வந்திருக்கும் மீன் இன்னதென்று சொல்லிவிடுவான். சிறு கெண்டை கொறிக்கும், தக்கை நடுங்கும். கெளிறு ஒரே இழுப்பாக இழுக்கும். விலாங்கு பிடித்தால் தக்கை மெல்ல ஒருபுறமாக நகரும். அவசரப்பட்டு உயர்த்தினால் பாறைப் புழைக்குள் வால் சுற்றிக்கொண்டு நூலை அறுக்கும். வராலுக்கு மண்புழு போதாது. உயிருள்ள தவளைக்குஞ்சு வேண்டும். வாளைக்குச் சிறுமீனே இரை. எந்தத் திங்களில் எந்த மடுவில் எந்த இரை என்பது எந்த நூலிலும் இல்லை. தகப்பன் கையிலிருந்து மகன் கைக்குப் போன கல்வி அது.

இக்கல்வியின் பழமைக்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. பெரும்பாணாற்றுப்படை, மீன் பிடிப்பதில் வல்ல பாண்மகன் இரையைத் தோற்பையில் இட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு, நெடிய மூங்கிற் கழியில் தூண்டில் கட்டி வருவதைக் காட்டுகிறது. இரையைக் கௌவிவிட்டுத் தப்பிய வாளை, நீரில் ஆடும் பிரம்பின் நிழலைக் கண்டும் தூண்டிற்கோல் என அஞ்சும் என்று சொல்கிறது. பட்டினப்பாலை பாடிய அதே கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது அது. ஒருமுறை முள்ளில் பட்ட மீன் எச்சரிக்கையாகிவிடும் என்பதை ஆற்றங்கரையில் நின்று கண்டவரன்றி வேறொருவர் எழுத முடியாது. புலவர்க்கும் வலைஞர்க்கும் இடையே அன்று அத்தனை தொலைவு இருந்ததில்லை போலும்.

தூண்டில் ஒருவனுக்கு, பறி ஒரு வீட்டுக்கு. மூங்கிற் பிளாச்சுகளாலும் ஈர்க்குகளாலும் பின்னப்படும் பறியின் வாயில் உள்நோக்கிச் சரிந்த குச்சிகள் இருக்கும். நுழைந்த மீன் திரும்ப முடியாது. மடைவாயிலும் வாய்க்கால் ஓரத்திலும் மாலையில் வைத்துவிட்டு விடியலில் எடுப்பர். நீர் வற்றிச் சேறும் கலங்கலுமாகக் கிடக்கும் இடத்தில் ஊத்தா. அடியும் மேலும் திறந்த கூம்புக் கூடை அது; மீன் இருக்குமிடம் கணித்துக் குத்தி, மேல்வாய் வழியே கைவிட்டு எடுப்பது. கையில் அகப்படுவது வராலா தேளியா என்பது விரலுக்குத் தெரிந்தாக வேண்டும். தேளியின் முள் குத்தினால் அன்று வேலை போயிற்று. வீச்சுவலையைத் தோளில் மடித்துப் பரிசலில் நின்று சுழற்றி எறிந்தால் அது வட்டமாக விரிந்து விழவேண்டும். நீள்வட்டமாக விழுந்தால் மீனும் சிரிக்கும், கரையில் நிற்பவரும் சிரிப்பர்.

இக்கருவிகள் எல்லாவற்றுக்கும் ஒரு பொதுக்குணம் உண்டு. இவற்றால் ஆற்றைத் துடைத்தெடுக்க முடியாது. பறி இருபது மீனோடு நிறைந்துவிடும். தூண்டிலுக்கு ஒரு நேரத்தில் ஒரு மீன். வலை ஓரிடத்தில் விழும்போது வேறிடத்து மீன் பிழைத்துக்கொள்ளும். பின்னால் வந்த தங்கூசி வலை அப்படியன்று. கண்ணுக்குத் தெரியாத மெல்லிழை வலையைக் குறுக்கே கட்டிவிட்டுப் போய் உறங்கலாம். சினைமீனும் குஞ்சும் பாராமல் அது வேலை செய்துகொண்டே இருக்கும். இதைச் செய்ததும் வெளியார் அல்லர். தமிழர் கைகளே செய்தன. அதை மறைத்துப் பேசுவது அழகன்று.

அணைகளின் கதைக்கு வருவோம். கல்லணை ஆற்றை மறித்ததைவிடப் பகிர்ந்தளித்தது என்பதே பொருத்தம். 1836இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணையையும் அணைக்கரையில் கீழணையையும் கட்டினார். உழவுக்கு அவற்றால் விளைந்த நன்மை பெரிது, மறுப்பார் இலர். மீனின் பக்கம் நின்று பார்த்தவர் ஒருவர் உண்டு. பிரான்சிசு டே என்னும் அந்த வெள்ளை மருத்துவர், இந்தியா, பருமா நாடுகளின் நன்னீர் மீன்களைப் பற்றி 1873இல் வெளியிட்ட அறிக்கையில், அணைகள் மீன்வழியை அடைப்பதையும், குஞ்சுகளை நுண்கண் பொறிகளால் வாரிக் கொல்வதையும் எடுத்துரைத்தார். (நீலமலையில் திரௌட்டு விட முயன்றவரும் இவரே. ஒரே மாந்தனில் இருவேறு மனங்கள்!)

அணைகளால் முதலில் அடிபட்ட மீன் உல்லம். கடலில் வாழ்ந்து, முட்டையிட மட்டும் ஆறேறும் மீன் இது. வங்காளிகள் இலிசா என்று போற்றிக் கொண்டாடுவது இதையே. கொள்ளிடத்திலும் காவிரியிலும் ஆடி ஆவணி வெள்ளம் கடலைத் தொட்டதும், அச்செந்நீரின் அழைப்பை ஏற்று உல்லம் கூட்டங்கூட்டமாக உள்ளே வரும். அணைக்கரையின் சுவர் தடுத்தாலும், பெருவெள்ளம் அணையை மூழ்கடிக்கும் ஆண்டுகளில் அது தாண்டிப் போய்விடும். 1934இல் மேட்டூர் அணை முடிந்தது. 93 நூறு கோடிக் கன அடிக்கு மேல் நீர் தேங்கும் அந்த ஏரி வெள்ளத்தைப் பிடித்து வைத்துக்கொண்டது. வெள்ளம் குறைந்தது, உல்லத்துக்கு அழைப்பும் நின்றது. சில பத்தாண்டுகளில் காவிரி உல்லம் தொழில் என்று சொல்லத்தக்க அளவில் இல்லாமல் போயிற்று. கடற்கரைச் சந்தையில் அம்மீனைக் காணலாம். ஆற்றங்கரையில் பெயரைச் சொன்னால், 'உள்ளமா? யாருடைய உள்ளம்?' என்று கேட்கிறார்கள்.

ஆற்றுக்குள்ளேயே வாழும் கெண்டை இனங்களுக்கும் புதுவெள்ளம்தான் மணநாள். நீர் ஏறியதும் சினைமீன்கள் எதிரேறும்; கரையோரப் புல்லிலும், வாய்க்கால்களிலும், தண்ணீர் பரந்த வயல்களிலும் முட்டையிடும். சூன் 12 அன்று மேட்டூர் திறப்பது என்ற வழக்கம் ஏற்பட்டபின் மதகு சொன்னபோதுதான் மீனுக்குப் பருவம். நீர் வராத ஆண்டில் பருவமே இல்லை. கருநாடகத்திலும் அணைகள் எழுந்தன. 1990இல் அமைந்த நடுவர் மன்றம், 2007இல் வந்த அதன் தீர்ப்பு, 2018இல் உச்சநீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு ஒதுக்கிய 177.25 நூறு கோடிக் கன அடி ஆகியவை பெரும்பாலும் பயிருக்கும் குடிநீருக்கும் போடப்பட்ட கணக்குகள். மீனுக்கு எத்தனை கன அடி என்று எந்த வழக்குரைஞரும் வாதிட்டதாகச் செய்தி வரவில்லை. மேட்டூருக்குக் கீழே நெருஞ்சிப்பேட்டை, ஊராட்சிக்கோட்டை முதலிய இடங்களில் மின்னாக்கக் கதவணைகள் வந்தபின், ஓடிக்கொண்டிருந்த ஆறு படிப்படியான குட்டைகளாயிற்று. ஓடும் நீரில் வாழ்ந்த மீனுக்கு அது சிறை. தேங்கிய நீரை விரும்பும் வந்தேறி மீனுக்கோ அரண்மனை.

வந்தேறிகளின் வரலாறு சுருக்கமானது. கட்லா 1920களிலேயே காவிரிக்குக் கொண்டுவரப்பட்டது. 1952இல் ஆப்பிரிக்காவுக்கு உரிய திலாப்பியா இலங்கை வழியாக வந்தது. 1957இல் ஊசி போட்டுக் கெண்டைகளை முட்டையிட வைக்கும் முறை ஒரிசாவில் வெற்றிபெற்றது; அதன்பின் வடபுலத்துப் பெருங்கெண்டைக் குஞ்சுகளை வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு பொரிக்க முடிந்தது. 1959இல் புல்கெண்டையும் வெள்ளிக்கெண்டையும் வந்தன. அண்மைக்காலத்தில் திருட்டுத்தனமாக வந்தது ஆப்பிரிக்கக் கெளிறு. நடுவண் அரசு 2000இல் அதைத் தடைசெய்தும் குளம் உடைந்து ஆற்றில் கலந்தது. கண்ணாடித் தொட்டிகளில் அழகுக்கு வளர்த்துச் சலித்தபின் ஆற்றில் வீசப்பட்ட கவசமீன் ஒன்றும் இன்று வலைகளைக் கிழிக்கிறது.

இங்கே சொல்லாய்வாளர் நின்று கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வெகுதொலைவிலிருந்து வந்த புல்கெண்டைக்கும் வெள்ளிக்கெண்டைக்கும் எழுத்தறிந்தவர்கள் தமிழ்ப் பெயர் வைத்தனர், அருமை. வடபுலத்துக் கட்லாவுக்கும் ரோகுவுக்கும் வைக்கவில்லை. ஏனென்று அவர்களைத்தான் கேட்க வேண்டும். ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத மீன்விற்கும் பெண்கள் என்ன செய்தார்கள்? திலாப்பியா என்ற வாயில் நுழையாச் சொல்லைச் சிலேபியாக்கி, பின்னால் கெண்டையைச் சேர்த்துச் 'சிலேபிக் கெண்டை' என்று கூடையில் ஏற்றிவிட்டார்கள். அது கெண்டை இனமே அன்று, சிலேபியும் தமிழன்று. இருந்தாலும் வந்த மீனைத் தம் மொழிக்குள் உட்காரவைக்கும் ஆற்றல் அவர்களிடம் இருந்தது. மன்றத்தில் கூடிக் கலைச்சொல் ஆக்குவோர் கற்றுக்கொள்ள வேண்டிய ஆற்றல் அது.

மீன் உரிமை கைமாறிய விதமும் சொல்லத்தக்கது. ஏரி குளங்களின் மீன்பாசியை ஏலம் விடுவது ஊர் வழக்கம். (ஏலம் என்னும் சொல்லே போர்த்துகீசியர் விட்டுச் சென்றது.) பழைய குத்தகையில் பெருமீன் குத்தகைக்காரனுக்கு, ஓரத்துப் பொடிமீனை ஊரார் பிடித்துக்கொள்வர், கேட்பாரில்லை. விலைகொடுத்து வாங்கிய குஞ்சை விட்டு வளர்க்கும் முறை வந்தபின் தூண்டிலோடு வருபவன் திருடனானான். கையில் பறியோடு வாய்க்கால் ஓரம் நடந்த கிழவியையும் காவலாள் விரட்டினான். அவள் பிடிக்க வந்தது அவன் குஞ்சையன்று. கையேடு ஒழிக்கச் சொன்ன அந்தக் களைமீனைத்தான். ஒழிக்கவும் வேண்டும், ஏழை தின்னவும் கூடாது!

நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பெருங்கெண்டை வளர்ப்பு தமிழர்க்குத் தீமை மட்டும் செய்துவிடவில்லை. மலிவான மீன் சந்தைக்கு வந்தது. கடற்கரைக்குத் தொலைவான ஊர்களிலும் கிழமைதோறும் மீன் கிடைக்கிறது. வலைஞர் கூட்டுறவுகள் சில அதனால் பிழைத்தன. குற்றம் கட்லாவின்மேல் இல்லை. ஒன்றைப் பெறுவதற்கு மற்றதை ஒழிப்பதே வழி என்று எண்ணியதில் இருக்கிறது. முழுத் தலையோடும் முள்ளோடும் குழம்பாகும் சிறுமீனின் சுண்ணச்சத்தும் வலுவும் பெருமீனின் சதைத்துண்டில் இல்லை. ஏழைவீட்டுக் குழந்தைக்கு எலும்பு வளர்த்தது அயிரைச் சட்டிதான்.

மற்றக் கேடுகள் எல்லாரும் அறிந்தவை, விரைந்து சொல்லிவிடலாம். பசுமைப் புரட்சியோடு வந்த பூச்சிக்கொல்லிகள் வயல்மீனை முடித்தன. திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யலைக் கொன்றது. 1992இல் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவுத் தொட்டியாயிற்று. 2011 சனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிடும் அளவுக்குப் போயிற்று. நொய்யல் போய்ச் சேருமிடம் காவிரி. மணற்கொள்ளை அதைவிடக் கொடிது. அயிரை மணலில் புதைந்து வாழும் மீன். மணலை அள்ளியவன் மீனின் வீட்டை அள்ளினான். 2018 ஆகத்து 22 இரவில் முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் சரிந்தபோது கீழேயுள்ள ஆற்றுப்படுகையின் நிலையைப் பற்றிப் பலரும் பேசினர். படுகையில் வாழ்ந்தவற்றைப் பற்றிப் பேச அன்றும் ஆளில்லை. வெடி வைப்பதும், வெளுப்புத்தூள் கரைப்பதும், மின்கலத்திலிருந்து கம்பி இறக்கித் தாக்குவதும் இன்றும் நடக்கின்றன. செய்பவர் பெரும்பாலும் வலைஞர் அல்லர். ஒருநாள் களிப்புக்கு வருவோர்.

உயர்ந்த மீன் என்று வெள்ளையர் கொண்டாடியதற்கும் நல்வாய்ப்பு அமையவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். மகசீர் என்று வடசொல்லால் வழங்கும் காவிரியின் திமில்மீன் உலகின் பெரிய ஆற்றுமீன்களுள் ஒன்று. 1946இல் கபினியில் தூண்டிலில் பிடிபட்ட ஒன்று 120 பவுண்டு, ஏறத்தாழ 54 கிலோ. காவிரிக்கு அயலான வேறொரு மகசீர் இனத்தைப் பொரிப்பகத்தில் வளர்த்து நல்லெண்ணத்தோடு ஆற்றில் விட்டார்கள். அது பெருகியது, திமில்மீன் அருகியது. அதற்கு அறிவியற் பெயர் எது என்று உறுதிசெய்ததே 2018இல்தான். அதே ஆண்டில் அது அழிவின் விளிம்பில் உள்ளவற்றின் உலகப் பட்டியலில் ஏறியது. பெயர் கிடைத்த ஆண்டே இறப்போலை எழுதத் தொடங்கிய ஆண்டாயிற்று! இத்தனை பெரிய மீனுக்கே இந்நிலை என்றால் விரல்நீள மீனை யார் எண்ணிப் பார்த்திருப்பார்?

இப்போது பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள். செய்யுட் பாடத்தில் ஆரல் என்று வருகிறது. மாணவன் கேட்கிறான். ஆசிரியர் விடை சொல்கிறார்: 'ஒருவகை மீன்'. கயல்? ஒருவகை மீன். கெளிறு? அதுவும் ஒருவகை மீன். தேர்வில் அவ்வாறே எழுதினால் மதிப்பெண்ணும் உண்டு. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இக்கேள்வி எழாது. ஆரல் பாம்புபோல் நீண்டிருக்கும், மூக்கு கூராக இருக்கும், முதுகில் முள்வரிசை இருக்கும் என்பதை ஆற்றங்கரைச் சிறுவன் ஆசிரியருக்கே சொல்லுவான். உரையாசிரியர்கள் 'ஒருவகை மீன்' என்று சுருக்கமாக எழுதியதற்கும் ஒரு காரணம் இருந்தது: படிப்பவர் அறிவார் என்ற நம்பிக்கை. அந்நம்பிக்கை போனபின் உரை வெற்றுரையாகிறது. மீன் என்ற சொல்லைத் தமிழ்க்குடும்ப மொழிகளிடமிருந்து வடமொழி பெற்றுக்கொண்டது என்று மேலைநாட்டு மொழிநூலார் ஒப்புவதை மேடையில் பெருமையாகச் சொல்கிறார்கள்; சொல்லத்தான் வேண்டும். அச்சொல்லுக்குக் கீழே இருந்த நூறு பெயர்கள் ஒவ்வொன்றாக நீரிலிருந்து வெளியே விழுவதை அதே மேடை கண்டுகொள்வதில்லை.

தமிழ் மீன்பெயர்களைத் தேடுவோர் இன்று எங்கே போகிறார்கள் தெரியுமா? பிரான்சிசு டே 1875 முதல் 1878 வரை வெளியிட்ட இந்திய மீன்கள் பற்றிய பெருநூலுக்கு. அவர் ஒவ்வொரு மீனுக்கும் தாம் கேட்ட தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் குறித்து வைத்தார். ஒலி திரிந்திருக்கிறது, சில பெயர்கள் எதுவென்று மீட்க முடியவில்லை. ஆனால் அவர் வலைஞரிடம் கேட்டார். தமிழ்ப்புலவர் எவரும் அந்த நூற்றாண்டில் அவ்வாறு கரையில் இறங்கிக் கேட்டு எழுதி வைத்த நூல் கிடைக்கவில்லை. தொழிலை இழிவென்று எண்ணிய சாதிச் செருக்கு அதற்குக் காரணம் என்றால் சிலருக்கு நோகும், நோகட்டும். இன்றைய தூயதமிழ் அன்பர்களும் இதில் முழுதும் தப்பியவர் அல்லர். ஒரு மீனுக்குச் சொல் வேண்டுமென்றால் அகராதியைப் பிரித்து வேர்ச்சொல் தேடிப் புதுச்சொல் புனைகிறார்கள். அணைக்கரையில் ஒருவரைக் கேட்டால் அதற்கு ஏற்கெனவே இரண்டு பெயர் இருப்பது தெரியும்.

அண்மை ஆண்டுகளில் அரசின் மீன்துறை நாட்டு மீன்குஞ்சுகளைப் பொரித்து ஆறுகளில் விடத் தொடங்கியிருக்கிறது. நல்ல மாற்றம், நேற்றுவரை களை எனப்பட்டது இன்று வித்தாகிறது. விட்ட குஞ்சு பிழைக்க ஓடும் நீரும், மணலும், முட்டையிடும் பருவத்தில் அமைதியும் வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்பிரல் 15 முதல் சூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உண்டு. 2001இல் 45 நாளாகத் தொடங்கி 2017 முதல் 61 நாளாயிற்று. அந்நாள்களுக்கு மீனவர்க்கு உதவித்தொகையும் உண்டு. கடலுக்குப் போட்ட அந்தக் கணக்கை ஆற்றின் புதுவெள்ளப் பருவத்துக்கும், ஆற்று வலைஞர் குடும்பத்துக்கும் போட வேண்டும் என்று மன்றங்கள்தோறும் தீர்மானம் எழுதி அனுப்பலாம். தாளும் அஞ்சல்தலையும்தான் செலவு.

இன்னொரு வேலைக்கு அரசு வேண்டியதில்லை. பரிசலையும் பறியையும் அறிந்த முதியோர் கொடுமுடியிலும் மாயனூரிலும் அணைக்கரையிலும் இன்னும் சிலர் இருக்கின்றனர். பலர்க்கு அகவை எழுபதுக்கு மேல். சித்திரை விடுமுறையில் ஒரு குறிப்பேட்டோடு போகலாம். மீனின் பெயர், வேறு பெயர், பிடிபடும் திங்கள், அதற்கான இரை, அகப்படும் இடம், கடைசியாகக் கண்ட ஆண்டு. இவை போதும். தாங்கள் கொண்டுபோகும் தனித்தமிழை அவருக்குக் கற்பிக்க வேண்டாம். அவர் சொல்வதை அவர் ஒலிக்கிறபடியே எழுதிக்கொள்ள வேண்டும். முதலில் அயிரையில் தொடங்குங்கள். அதற்கு உங்கள் ஊரில் என்ன பெயர் ஐயா, வேறு ஊரில் அசரை என்கிறார்களே என்று கேளுங்கள். அவர் ஒருமுறை சிரித்துவிட்டு, உட்காரச் சொல்வார்.